முகத்தின் மேல் ஒரு முகம்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி கலை அருங்காட்சியகத்துக்கு 1978-இல் ஓர் உருவப்படம் வந்து சேர்ந்தது. விலையுயர்ந்த ஆடை அணிந்த இத்தாலியச் சீமாட்டி ஒருவரின் படம் அது. வரைந்தவர் பதினாறாம் நூற்றாண்டில் ஃபுளோரன்ஸ் அரசவையின் ஓவியராக இருந்த பிரொன்சினோ என்றும், படத்தில் இருப்பவர் ஃபுளோரன்ஸை ஆண்ட முதலாம் கோசிமோ மெடிச்சியின் மனைவி எலியனோரா என்றும் சொல்லப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து அதை ஆராய்ந்த காப்பாட்சியர் லூயிஸ் லிப்பின்காட்டுக்கு இரண்டிலுமே நம்பிக்கை வரவில்லை. ஆடை பழங்காலத்து ஆடை; முகமோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் விரும்பிய மெல்லிய, இளமையான, குற்றம் குறை இல்லாத முகம். இது போலி, தொகுப்பிலிருந்து நீக்கிவிடலாம் என்ற எண்ணத்தோடு அருங்காட்சியகத்தின் ஓவியப் பராமரிப்பு வல்லுநர் எலன் பாக்ஸ்டரிடம் அதைக் கொண்டுபோனார்.

பாக்ஸ்டரின் கண் முதலில் போனது முகத்துக்கு அல்ல, வண்ணத்தில் ஓடிய விரிசல்களுக்கு. துணியில் வரைந்த ஓவியம் விரிசல் விடும் விதம் வேறு, மரப்பலகையில் வரைந்தது விரிசல் விடும் விதம் வேறு. இந்தப் படம் துணியில் இருந்தது. விரிசல்களோ பலகையைச் சொல்லின. அடுத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். அந்த அழகிய முகத்துக்கு அடியில் வேறொரு முகம் இருந்தது. வயதில் மூத்த, கனத்த, தனக்கென்று ஒரு சாயல் உள்ள முகம்.

படம் போலி இல்லை. அதற்காக முழு உண்மை என்றும் சொல்லிவிட முடியாது. உண்மையான படத்தின் மேல் இன்னொரு காலம் தன் விருப்பத்தைப் பூசியிருந்தது. பழைய உருவப்படங்களில் இது அரிதான சங்கதி அல்ல. ஓவியம் என்பது வரைந்த அன்றோடு முடிந்துபோகும் பொருளும் அல்ல. அதன் மேல் பல காலங்கள் படிகின்றன. அந்தக் காலங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காட்டும் வல்லமை இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் உண்டு. எதை வைப்பது, எதை எடுப்பது என்ற முடிவை மட்டும் மனிதர்கள்தான் எடுக்க வேண்டும். படத்தில் இருக்கும் பெண்ணுக்கு அந்த முடிவில் முதல் உரிமை உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

அடுக்குகளால் ஆன பொருள்

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பெரும்பாலும் பாப்லர் மரப்பலகையில் வேலையைத் தொடங்குவார். பலகையின் மேல் ஜிப்சத்தையும் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையையும் கலந்து பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அந்த வெண்மையான தளத்தின் மேல் கரியாலோ மையாலோ கோட்டோவியம். அதற்கு மேல் எண்ணெயில் குழைத்த நிறமிகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல மெல்லிய பூச்சுகள். கடைசியாக மரப்பிசினால் ஆன வார்னிஷ். ஒவ்வொரு பூச்சும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கனமே இருக்கும். கண்ணுக்கு ஒரே பரப்பாகத் தெரியும் கன்னம் உண்மையில் ஐந்தாறு அடுக்குகள் சேர்ந்தது.

எண்ணெய் இங்கே என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். தேங்காய் எண்ணெய் சுவரில் பட்டால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஓவியர்கள் எடுத்துக்கொண்ட ஆளி விதை எண்ணெயும் வால்நட் எண்ணெயும் அப்படி அல்ல. அவற்றின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்த இடங்களைத் தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைப்பின்னலாகின்றன. எண்ணெய் ஓவியம் ஆவியாகிக் காய்வதில்லை, வேதிமாற்றத்தால் இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். உள்ளுக்குள் இறுக்கம் பல பத்தாண்டுகள் தொடரும். இதனால்தான் பழைய வண்ணம் கரைப்பான்களை எளிதில் ஏற்பதில்லை. பின்னாளில் பூசிய வண்ணத்தைக் கழற்றும்போது அடியில் இருப்பதைக் காப்பாற்றும் வழியும் பல நேரங்களில் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பலகைக்கும் ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் மரம் இழைக்குக் குறுக்காக விரியும், ஈரம் குறைந்தால் சுருங்கும். மேலே இறுகிப்போன வண்ணத்தால் அப்படி அசைய முடியாது. அது விரிசல் விடுகிறது, பெரும்பாலும் மர இழையின் போக்கை ஒட்டியே. துணியில் வரைந்த படத்தில் விரிசல்கள் நெசவின் இழுவிசையைப் பின்பற்றி வலைபோலப் பரவும்.

கார்னகி படத்தில் பலகை எங்கே போனது? அதற்கான விடை படத்தின் பின்புறத்தில் இருந்தது: லண்டனில் தொழில் நடத்திய பிரான்சிஸ் லீடம் என்பவரின் முத்திரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பழைய ஓவியங்களைப் புதிய துணிக்கு மாற்றுவது அவர் தொழில். பலகை வளைந்தோ பூச்சி அரித்தோ போனால், ஓவியத்தின் முகப்பில் தாள் ஒட்டிக் கவிழ்த்துவிட்டு, பின்னாலிருந்து மரத்தை முழுவதும் சீவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் மெல்லிய வண்ணப் படலத்தைத் துணியில் ஒட்டுவார்கள். அஞ்சத்தக்க சிகிச்சை அது. வண்ணம் உதிர்வதும் சிதைவதும் அதில் நடக்கும். சிதைந்த இடத்தைச் சரிசெய்யும் சாக்கில் முகத்தையே சந்தைக்கு ஏற்றபடி திருத்திவிடுவதும் அக்கால வணிகத்தில் உண்டு.

எக்ஸ் கதிருக்குத் தெரியும் முகம்

ஜெர்மன் இயற்பியலாளர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-இல். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஓர் ஓவியத்தை அந்தக் கதிரில் படம் பிடித்துப் பார்த்தார்கள். உடலுக்குள் எலும்பைக் காட்டும் கதிர் ஓவியத்துக்குள் காட்டுவது ஈயத்தை.

அக்கால ஓவியர்களின் முதன்மையான வெள்ளை நிறமி ஈய வெள்ளை. ஈயத் தகடுகளை வினிகர் ஆவியிலும், சாணம் நொதிக்கும் வெப்பத்திலும், அதிலிருந்து எழும் கரியமில வாயுவிலும் வாரக்கணக்கில் வைத்தால் தகட்டின் மேல் வெண்ணிறச் செதில் படியும். அதைச் சுரண்டி அரைத்தெடுத்ததே இந்த நிறமி. இந்த நச்சுப்பொருள் பல தொழிலாளர்களின் உடல்நலத்தைக் குலைத்தது. ஆனால் வெளுத்த சருமத்தின் ஒளியைத் தீட்ட ஐரோப்பிய ஓவியர்களுக்கு அதைவிடச் சிறந்தது கிடைக்கவில்லை.

எக்ஸ் கதிரை ஒரு தனிமம் எவ்வளவு தடுக்கும் என்பது அதன் அணு எண்ணைப் பொறுத்தது. இந்தத் தொடர்பு நேர்விகிதம் அல்ல. குறைந்த ஆற்றல் கதிர்களில் அணு எண் இரு மடங்கானால் உறிஞ்சும் திறன் தோராயமாக எட்டு மடங்கும் அதற்கு மேலும் கூடும். ஈயத்தின் அணு எண் 82. கன்னத்துக்கும் உதட்டுக்கும் செம்மை தந்த சாதிலிங்கத்தில் உள்ள பாதரசம் 80. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் 20, மரத்தின் கார்பன் வெறும் 6. எனவே நெற்றி, மூக்கு, கை என்று ஒளிபட்ட சதைப் பகுதிகள் எக்ஸ் கதிர்ப் படத்தில் பளிச்சென்ற வெள்ளையாகவும் மற்றவை மங்கலாகவும் விழும். மார்பு எக்ஸ் கதிர்ப் படத்துக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த ஆற்றலே இதற்குப் போதும்.

ஒரு சீமாட்டியின் படத்தில் எக்ஸ் கதிர் நன்றாகப் பிடித்துத் தருவது அவள் முகத்தையே என்றால், அது தற்செயல் அல்ல. முகத்தில்தான் ஈயம் மிகுதி. இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. எக்ஸ் கதிர் எல்லா அடுக்குகளையும் ஒரே தளத்தில் போட்டுக் காட்டிவிடும். மேல் முகமும் கீழ் முகமும் கலந்து தெரியும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கண்கள், மூக்குக்குப் பக்கத்தில் இன்னொரு மூக்கு. எது எந்த அடுக்கு என்று பிரித்தறிய வேறு ஒளிகளின் துணை வேண்டும்.

மற்ற ஒளிகளின் சாட்சி

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதற்குக் குறைவான புற ஊதா ஒளியை இருட்டறையில் ஓவியத்தின் மேல் பாய்ச்சினால், வயதான மரப்பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மங்கிய ஒளியை உமிழும். அதன் மேல் பின்னாளில் யாராவது தூரிகை வைத்திருந்தால் அந்த இடங்கள் கருந்திட்டுகளாக நிற்கும். மேல்பரப்பில் நடந்த திருத்தங்களைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

அகச்சிவப்பு ஒளி எதிர்த்திசையில் வேலை செய்கிறது. 1000 நானோமீட்டரைத் தாண்டிய அலைகள் பல நிறமிகளுக்குள் நுழைந்து வெண்தளம் வரை போய்த் திரும்பிவிடும். வழியில் கரிக்கோடு இருந்தால் அது ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். 1960களின் பிற்பகுதியில் நெதர்லாந்து இயற்பியலாளர் வான் ஆஸ்பரன் டி போர் இந்த முறையை ஓவிய ஆய்வுக்கென்று வளர்த்தெடுத்தார். ஓவியர் வண்ணம் தொடுவதற்கு முன் போட்ட கோடுகள், பிறகு மனம் மாறி நகர்த்திய விரல், உயர்த்திய கழுத்துப்பட்டி எல்லாம் இதில் வெளிவரும். நகலெடுப்பவர் பொதுவாக இப்படித் தடுமாறுவதில்லை. கோடு திருத்தப்பட்டிருந்தால் அங்கே ஒருவர் யோசித்து வரைந்திருக்கிறார் என்று பொருள்.

மூன்றாவது சாட்சி நிறமியின் பிறந்த தேதி. எக்ஸ் கதிர் ஓர் அணுவின் உள்வட்ட எலக்ட்ரானைத் தட்டிவிட்டால், வெளிவட்ட எலக்ட்ரான் ஒன்று அந்த இடத்துக்கு இறங்கும். இறங்கும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலோடு ஓர் எக்ஸ் கதிரை வெளியிடும். தனிமங்களின் இந்த ஒழுங்கை 1913-இல் இங்கிலாந்தின் மோஸ்லி நிறுவினார். இன்று கையடக்கக் கருவியாலேயே, ஓவியத்தைத் தொடாமல், ஒரு புள்ளியில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று படிக்க முடிகிறது. பரப்பு முழுவதையும் புள்ளி புள்ளியாக வருடி ஈயத்துக்கு ஒரு வரைபடம், பாதரசத்துக்கு ஒரு வரைபடம் என்று தனித்தனியே தீட்டும் கருவிகளும் வந்துவிட்டன.

இதனால் என்ன பயன்? நிறமிகளுக்கு வரலாறு உண்டு. பிரஷ்யன் நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது. அதற்கு முன் உயர்ந்த நீலம் வேண்டுமென்றால் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலிக் கல்லை அரைக்க வேண்டும். துத்தநாக வெள்ளை எண்ணெய் ஓவியத்தில் பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். டைட்டானியம் வெள்ளை 1920-ஐ ஒட்டி வந்தது. ஒரு மெடிச்சிப் பெண்ணின் கன்னத்தில் துத்தநாக வெள்ளை இருந்தால், அந்தப் பூச்சு அவள் இறந்து பல தலைமுறைகளுக்குப் பின் வந்தது என்று நீதிமன்றத்திலேயே சொல்லலாம்.

யார் இந்தப் பெண்?

கருவிகள் இதுவரை சொன்னது எப்போது, எதனால் என்பதையே. யார் என்ற கேள்விக்கு லிப்பின்காட் ஆடையைப் பிடித்துக்கொண்டார். மெடிச்சி குடும்பத்துப் பெண்களின் மற்ற உருவப்படங்களோடு ஒப்பிட்டு, இவர் எலியனோரா அல்ல, அவருடைய மகள் இசபெல்லா என்று அடையாளம் கண்டார். படம் 1570களைச் சேர்ந்தது. பிரொன்சினோவிடம் பயின்று அவருக்கு மகன்போல வளர்ந்த அலெஸ்ஸாந்த்ரோ அல்லோரியின் பெயரோடு அது இன்று இணைக்கப்படுகிறது.

இசபெல்லா 1542-இல் பிறந்தவர். கல்வியிலும் இசையிலும் தேர்ந்தவர், தந்தைக்குச் செல்ல மகள். 1558-இல் ரோமானியப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்த பாவ்லோ ஜோர்தானோ ஒர்சினிக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். அப்படியும் கணவரின் ஊருக்குப் போய்விடாமல், தந்தையின் ஆதரவில் ஃபுளோரன்ஸிலேயே பெரும்பாலும் வாழ்ந்தார். அக்காலத்து மணமான பெண்ணுக்கு அது அரிய சுதந்திரம். கணவரின் உறவினரான ட்ரோய்லோ ஒர்சினியோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாகப் பேசப்பட்டது. 1574-இல் தந்தை இறந்தார். ஆட்சி சகோதரர் பிரான்செஸ்கோவின் கைக்குப் போனது. இரண்டே ஆண்டில், 1576 ஜூலையில், செரேத்தோ குய்தி என்ற ஊரில் இருந்த மெடிச்சி மாளிகையில் இசபெல்லா திடீரென்று இறந்தார். தலை அலசிக்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது என்றது அரசவை. கணவரே கழுத்தை நெரித்தார் என்று அக்காலத்தவர் பலர் நம்பினார்கள். வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. சில நாள்களுக்கு முன்புதான் இன்னொரு மெடிச்சி மாளிகையில் அவருடைய வேறொரு சகோதரரின் மனைவியும் கணவரால் கொல்லப்பட்டிருந்தார்.

இந்த வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைச் சுத்தம் செய்தபோது வெளிப்பட்டதைப் பார்க்க வேண்டும். பாக்ஸ்டர் பஞ்சு சுற்றிய சிறு குச்சியில் கரைப்பானை நனைத்து, சிறு சிறு பரப்பாக, முதலில் மஞ்சளேறிய வார்னிஷையும் அடுத்துப் பிற்காலப் பூச்சையும் எடுத்தார். இத்தகைய வேலையில் ஒவ்வொரு கரைப்பானையும் ஓரத்தில் ஒரு பொட்டு அளவுக்குச் சோதித்த பிறகே பயன்படுத்துவார்கள். பஞ்சில் ஏறும் நிறம் மாறியதும் கை நின்றுவிட வேண்டும். மெல்ல மெல்ல மெலிந்த முகம் போய், முப்பதைத் தாண்டிய பெண்ணின் நிறைவான முகம் வந்தது. கையில் ஒரு ஜாடி வந்தது. தலைக்குப் பின்னே மெல்லிய ஒளிவட்டமும் வந்தது.

கிறிஸ்தவ ஓவிய மரபில் ஒளிவட்டம் புனிதர்களின் அடையாளம்; ஜாடி மகதலேனா மரியாளுக்கு உரியது. பாவத்திலிருந்து மனம் திரும்பியவராக மக்கள் வணங்கிய புனிதர் அவர். இந்த இரண்டும் படம் முதலில் வரைந்து முடிந்த பின் சேர்க்கப்பட்டவை என்று தெரியவந்தது. ஊர் வாயில் விழுந்திருந்த ஒரு பெண்ணைப் புனிதப் பெண்ணின் சாயலில் காட்டும் இந்தச் சேர்க்கை அவருடைய காலத்தின் நெருக்கடியைப் பேசுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டோ அந்த நெருக்கடியையும் மூடி, வயதையும் மூடி, விற்பனைக்கு ஏற்ற ஒரு பொம்மை முகத்தைத் தந்திருந்தது.

எங்கே நிறுத்துவது?

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. பிற்காலப் பூச்சை எடுப்பது சரி என்றால் ஒளிவட்டத்தையும் ஜாடியையும் எடுத்திருக்க வேண்டாமா? அவையும் பிறகு சேர்ந்தவைதானே? கார்னகி வல்லுநர்கள் அவற்றை எடுக்கவில்லை. அந்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். அந்தச் சேர்க்கை இசபெல்லாவின் உலகத்தைச் சேர்ந்தது. அதை அழித்தால் முதல் வடிவம் கிடைக்கலாம். அந்தப் பெண்ணின் வரலாற்றில் ஒரு பக்கம் போய்விடும்.

இதே கேள்வியை ரோமின் போர்கேசே கலைக்கூடத்தில் இருக்கும் ராஃபேலின் ஓவியம் ஒன்று இன்னும் கூர்மையாக்குகிறது. 1505-ஐ ஒட்டி வரைந்த அந்தப் படம் நெடுங்காலம் அலெக்சாண்ட்ரியாவின் புனித கேத்தரின் என்றே அறியப்பட்டது. தோளில் மேலாடை, அருகே புனிதருக்கு உரிய சக்கரம். 1930களில் நடந்த சீரமைப்பில் அவை இரண்டும் பிற்காலப் பூச்சு என்று தெரிந்து அகற்றப்பட்டன. புனிதர் மறைந்தார். மடியில் ஒற்றைக் கொம்புக் குதிரைக் குட்டியை ஏந்திய இளம்பெண் தோன்றினார். ஒற்றைக் கொம்பு விலங்கு கன்னிமையின் அடையாளம். 1959-இல் எக்ஸ் கதிரில் பார்த்தபோது அந்த விலங்குக்கும் அடியில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. நாய் மண வாழ்வின் விசுவாசத்துக்கு அடையாளம். அதைத் தேடி ஒற்றைக் கொம்பு விலங்கை யாரும் சுரண்டவில்லை. நாய்க்குட்டி எக்ஸ் கதிர்ப் படத்தில் மட்டும் வாழ்கிறது.

நாய், ஒற்றைக் கொம்பு, சக்கரம் என்று மூன்று அடையாளங்கள். மூன்றும் அந்தப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னவை. உருவப்படங்களில் செல்வப் பெண்களுக்கு நேர்ந்தது இதுதான். அவர்களின் நகையும் பட்டும் குடும்பத்தின் செல்வாக்கைக் காட்டின. கையில் கொடுத்த பொருள் குணத்துக்குச் சான்றிதழ் எழுதியது. பின்னாளில் வந்த வணிகர்கள் முகத்தையும் மாற்றினார்கள். இந்த விருப்பங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தேதியோடு பிரித்துக் காட்டியது இருபதாம் நூற்றாண்டின் அறிவியல்.

இன்றைய பராமரிப்பு நெறி இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. எடுத்த அடுக்கைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே எடுப்பதற்கு முன் அதை எல்லா ஒளியிலும் பதிவு செய்ய வேண்டும். உதிர்ந்த இடங்களை நிரப்பினால், முதலில் ஒரு புதிய வார்னிஷ் பூசி அதன் மேலேயே நிரப்ப வேண்டும். நாளை இன்னொருவர் அதை எளிதாகக் கழற்ற முடிய வேண்டும். புதிய வண்ணம் பழைய வண்ணத்தின் மேல் ஏறவே கூடாது. லீடம் காலத்துக் கைகளுக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை.

2014-இல் கார்னகி அருங்காட்சியகம் இசபெல்லாவைப் பொதுமக்கள் முன் வைத்தது. போலி என்று ஒதுக்க நினைத்த படம், நான்கு மறுமலர்ச்சிக் கால ஓவியங்களோடு சேர்ந்து, ஆய்வின் கதையையும் சொல்லும் ஒரு கண்காட்சியில் நின்றது. உலகின் பல தொகுப்புகளில், விளக்கச் சீட்டில் தவறான பெயரோடும் முகத்தில் பிறர் தந்த அழகோடும் இன்னும் எத்தனையோ பெண்கள் இருக்கக்கூடும். தொடாமலே உள்ளே பார்க்கும் கருவிகள் இப்போது நம்மிடம் உள்ளன. பெரிய பெயருள்ள ஓவியர்களின் படங்களுக்கே அவை முதலில் போகின்றன. பெயர் தொலைந்த, சந்தேகத்துக்கு ஆளான, கிடங்கில் கிடக்கும் உருவப்படங்களுக்கும் அவை போக வேண்டும். ஐயத்துக்கு உரியது என்று ஒரு படத்தைத் தள்ளுவதற்கு முன் ஓர் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பது பெரிய செலவு அல்ல. வாழ்ந்த காலத்தில் தம்மைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அதிகம் இல்லாதிருந்த அந்தப் பெண்களுக்கு, அவர்களுடைய சொந்த முகத்தையாவது திருப்பித் தரும் கடமை நமக்கு உண்டு.